கை குளிர்ந்திருந்தது என்று உங்கள் மாடலுக்கு யார் சொன்னது?

சேலம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் உயிர்மருத்துவப் பொறியியலும் ஏஐயும் படிக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும், அவர்களுடைய புராஜெக்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் லீவு முடிந்த கையோடு நீங்கள் வந்துவிடுகிறீர்கள். இரண்டு பேர், மூன்று பேர், கழுத்தில் ஐடி கார்டு, கையில் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம். தசையின் மின் அலைப் பதிவான ஈஎம்ஜியைப் பார்த்து நோயைச் சொல்லும் ஏஐ மாடல் ஒன்றைப் பழக்குவதுதான் புராஜெக்ட். "மேடம், ஈஎம்ஜி டேட்டா கிடைக்குமா? ஒரு நூறு பேஷன்ட் இருந்தா போதும்" என்கிறீர்கள். லீ பஜாரில் நூறு கிலோ துவரம்பருப்பு கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. மூன்றாவது நாள் 'மேடம்' போய் 'அக்கா' ஆகிவிடுகிறேன். டீயும் வாங்கித் தருகிறீர்கள். அதனால் உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பத்தொன்பது வருஷமாக ஒரே அறையில் நரம்பையும் தசையையும் பதிவு செய்கிறவள் என்ற முறையில் சொல்ல வேண்டியது கொஞ்சம் சேர்ந்துவிட்டது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் வேலை. நரம்பின் வேகம் பார்ப்பது நான். தசைக்குள் ஊசி போட்டுப் பார்ப்பது டாக்டர். அவர் ஊசியைச் செலுத்தும்போது மெஷினை ஓட்டுவதும், ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும், நோயாளியிடம் "மூச்ச விடுங்கண்ணா, முடிஞ்சிருச்சு" என்று பொய் சொல்வதும் என் பொறுப்பு. ஆமாம், ஸ்பீக்கர். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பதை முதல் நாளே உங்கள் முகத்தில் பார்த்துவிடுகிறேன். ஈஎம்ஜியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்கிறார்கள். நரம்புத் தொடர்பு அறுந்துபோன தசை நார் சும்மா இருக்கும்போதே தானாகத் துடிக்கும். கேட்டால் தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம். சுருங்கிய தசை சட்டென்று தளராத மயோட்டோனியா என்றால், தெருமுனையில் ஒருத்தன் பைக்கை நிறுத்தி வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி விடுவான் பாருங்கள், அதே ஏற்ற இறக்கம். ஒருமுறை கேட்டால் மறக்காது.

என் அப்பா அம்மாபேட்டையில் தறி ஓட்டியவர். தசைக்குள் நடப்பதை எனக்குப் பாடப்புத்தகம் புரியவைக்கவில்லை, தறிக்கூடம்தான் புரியவைத்தது. ஒரு கூடத்தில் பத்து ஆட்கள், ஆளுக்கு நாலு தறி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு மோட்டார் நரம்பணுதான் ஒரு ஆள். அவர் பார்க்கும் தறிகள் தசை நார்கள். ஆளும் அவருடைய தறிகளும் சேர்ந்ததற்கு மோட்டார் யூனிட் என்று பெயர். நரம்பணு ஒரு கட்டளை கொடுத்தால் அதன் நார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இயங்கும். அந்தச் சத்தம்தான் திரையில் ஒரு அலையாக எழுகிறது.

இப்போது மோட்டார் நரம்பணுக்கள் செத்துப்போகும் ஏஎல்எஸ் போன்ற நோயில் ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். அநாதையான தறிகளைப் பக்கத்து ஆள் எடுத்துக்கொள்கிறார். நாலு தறி பார்த்தவர் பன்னிரண்டு பார்க்கிறார். அதனால் அவருடைய அலை உயரமாகவும் அகலமாகவும் கோணல்மாணலாகவும் வரும். கையைப் பலமாக மடக்கச் சொன்னால், கூப்பிட வேறு ஆள் இல்லாததால் இருக்கிற இரண்டு மூன்று பேர் மூச்சு வாங்க ஓடுவார்கள். தசைநோயில் கதை நேர்மாறு. ஆட்கள் எல்லாரும் வேலைக்கு வந்துவிட்டார்கள், தறிகள்தான் பழுது. ஆளுக்கு ஒரு தறிதான் ஓடுகிறது. அலை குட்டையாக, குறுகலாக இருக்கும். ஒரு டம்ளரைத் தூக்குகிற சின்ன வேலைக்கே பத்துப் பேரையும் கூப்பிட வேண்டியிருக்கும். லேசாக மடக்கியதும் திரை நிரம்பிவிடும்.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல மெஷினைப் பழக்க முடியுமா? தாராளமாக முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இது உங்கள் தலைமுறை கண்டுபிடித்த யோசனையும் இல்லை. கோபன்ஹேகனில் புக்தால் என்ற டாக்டர் 1950களிலேயே ஒவ்வொரு தசைக்கும், ஒவ்வொரு வயதுக்கும் அலையின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அளந்து அட்டவணை போட்டார். 1964இல் இங்கிலாந்தில் வில்லிசன் என்பவர் அலை எத்தனை முறை திசை திரும்புகிறது, ஒவ்வொரு திருப்பத்துக்கும் நடுவே எவ்வளவு உயரம் என்று எண்ணியே தசைநோயைப் பிரித்துக் காட்டினார். நீங்கள் ஃபீச்சர் என்று பெயர் வைத்துப் பைத்தானில் நாலு வரியில் எடுப்பதன் தாத்தா அதுதான். அன்றைக்கு இல்லாத கணிப்பொறி பலம் இன்றைக்கு உங்களிடம் இருக்கிறது. அந்தப் பலத்தை எதன் மேல் பிரயோகிக்கிறீர்கள் என்பதில்தான் என் வழக்கு.

எங்களிடம் டேட்டா கிடைக்காவிட்டால் இணையத்தில் இறக்கிக்கொள்கிறீர்கள். சரி. ஃபிசியோநெட் இணையதளத்தில் இருக்கிற ஈஎம்ஜி மாதிரித் தொகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்று ஒரு பையனிடம் கேட்டேன். "நிறைய சாம்பிள் இருக்குக்கா" என்றான். மூன்று பேர். நோயில்லாத 44 வயதுக்காரர் ஒருவர், முதுகுவலியோடு நரம்புப் பாதிப்பு உள்ள 62 வயதுக்காரர் ஒருவர், தசைநோய் உள்ள 57 வயதுக்காரர் ஒருவர். மூவரும் ஆண்கள். மூவருக்கும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து ஒரே தசையில், 25 மில்லிமீட்டர் ஊசி. அதன் தலைப்பே 'எடுத்துக்காட்டுகள்' என்றுதான் சொல்கிறது. பதிவேற்றியவர்கள் நேர்மையானவர்கள். அதை வைத்து 'நோய் கண்டறியும் அமைப்பு' என்று தலைப்புப் போட்டது நாம்.

கோபன்ஹேகனில் பதிவாகி 2001இல் ஒரு முனைவர் பட்ட ஆய்வோடு வந்த தொகுப்பு இதைவிடப் பெரியது. அதிலும் 25 பேர்தான். நோயில்லாதவர்கள் 10, தசைநோய் 7, ஏஎல்எஸ் 8. நோயில்லாத பத்துப் பேரும் 21 முதல் 37 வயதுக்குள். ஏஎல்எஸ் உள்ளவர்கள் 35 முதல் 67 வரை. வயது ஏற ஏற மோட்டார் யூனிட் அலை அகலமாகும். புக்தால் எழுபது வருஷத்துக்கு முன்பே வயதுவாரியாக அட்டவணை போட்டது அதனால்தான். அப்படியென்றால் உங்கள் மாடல் ஏஎல்எஸ்ஸைக் கற்றதா, நரைத்த தலையைக் கற்றதா? வைவாவில் இந்தக் கேள்வியைக் கேட்ட எக்ஸ்டர்னல் உண்டா என்று தெரிந்துகொள்ள ஆசை.

அந்தத் தொகுப்பின் விளக்கக் குறிப்பை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். அந்த எட்டு ஏஎல்எஸ்காரர்களில் ஐந்து பேர் நோய் தொடங்கிச் சில வருஷங்களில் இறந்துபோனார்கள், அது நோயறிதலை உறுதிப்படுத்துகிறது என்று ஒரு வரி வரும். நான் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் மேலே படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஃபோல்டரில் எண்ணாகக் கிடக்கும் அந்தக் கோப்பின் லேபிள் சரிதான் என்று நிரூபித்தது அவர்களுடைய சாவு.

மூன்று பேர், இருபத்தைந்து பேர் என்றால் எப்படி ஆயிரக்கணக்கில் சாம்பிள் வருகிறது? வெட்டுகிறீர்கள். ஒருவருடைய பதிவை அரை செகண்ட் அரை செகண்டாக நறுக்கி, எல்லாருடைய துண்டுகளையும் ஒன்றாகக் கலந்து, எண்பது பங்கை டிரெயினிங்குக்கும் இருபது பங்கை டெஸ்ட்டுக்கும் ஒதுக்குகிறீர்கள். அதே ஆளின் அடுத்த அரை செகண்ட் டெஸ்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஒரே மல்கோவாவை ஐம்பது கீற்றாக அரிந்து, நாற்பதைத் தின்று முடித்த பிறகு மிச்சப் பத்தும் இனிக்கும் என்று ஜோசியம் சொல்கிற வேலை இது. பத்தும் இனிக்கத்தான் செய்யும். தோட்டத்தில் அடுத்த மரத்துப் பழம் புளிக்குமா என்பதற்கு இதில் பதில் இல்லை. துண்டுவாரியாகப் பிரிக்காமல் ஆள்வாரியாகப் பிரியுங்கள். டெஸ்ட்டில் இருக்கும் ஆளின் ஒரு துண்டுகூட டிரெயினிங்கில் இருக்கக் கூடாது. அப்படிச் செய்தால் நீங்கள் காட்டும் 98 சதவீத அக்யூரசி இறங்கும், எனக்குத் தெரியும். இறங்கட்டும்.

அப்புறம் சார்ஜர் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். கல்லூரி பெயர் வேண்டாம். நல்ல பையன்கள், உழைப்பாளிகள். ஊசியெல்லாம் இல்லை, தோல் மேல் பேட் ஒட்டிப் பதிவு செய்கிற சின்ன சென்சார் போர்டு வைத்திருந்தார்கள். நோயில்லாதவர்கள் என்ற கணக்குக்கு ஹாஸ்டல் நண்பர்களைக் கல்லூரி லேபில் பதிவு செய்துவிட்டார்கள். நோயாளிகளுக்கு எங்கள் அறை. டாக்டர் அனுமதி கொடுத்தார், நோயாளிகளிடமும் கேட்டோம், ஒத்துக்கொண்டவர்களிடம் மட்டும் எடுத்தோம். ஒரு மாசம் வந்தார்கள். மாடல் பிரமாதமாக வேலை செய்தது. 98 சொச்சம் அக்யூரசி. கைடு தட்டிக்கொடுத்தாராம்.

கடைசி நாள் சாயங்காலம் அறையில் கூட்டம் இல்லை. ஒரு பையன் சும்மா விளையாட்டாகத் தன் முன்கையில் பேட்டை ஒட்டிக்கொண்டு மாடலை ஓட்டினான். திரையில் 'நியூரோபதி' என்று வந்தது, அதாவது நரம்பு நோய். சிரித்தான். மறுபடி ஓட்டினான். நியூரோபதி. பேட்டை மாற்றி ஒட்டி ஓட்டினான். நியூரோபதி. நாலாவது தடவை அவன் சிரிக்கவில்லை. விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டான். "அக்கா, எனக்கு ரெண்டு வாரமா கை கொஞ்சம் மரத்துப் போகுதுக்கா" என்றான். அதுவரை அவனுக்கு எதுவும் மரத்துப்போகவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அடுத்தவன் ஒட்டிக்கொண்டான். அவனுக்கும் நியூரோபதி. நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்கும்.

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வருகிற நரம்பு நோய் எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினான். 'நார்மல்.' மாட்டினான். 'நியூரோபதி.' வேறு வைத்தியம் எதுவும் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். லேபில் பேட்டரியில் ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் அறைக்கு வந்து சேர்வதற்குள் பேட்டரி இறங்கிவிடும், அதனால் எப்போதும் சார்ஜரில். கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒவ்வொரு நோயாளியின் பதிவிலும் ஏறியிருந்தது. தோல் மேல் எடுக்கும் ஈஎம்ஜி ஏறக்குறைய 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியது. 50 அதன் நடு வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. நாட்ச் ஃபில்டர் போட்டு 50ஐ வெட்டினாலும் 150, 250 என்று அதன் பிள்ளைகுட்டிகள் மிஞ்சும். மாடல் நரம்பைப் பார்க்கவே இல்லை. எந்த அறை என்று பார்த்தது. அதுவும் கெட்டிக்காரத்தனம்தான். நாம் கேட்ட கேள்விக்குச் சுலபமான பதில் எதுவோ அதைக் கண்டுபிடித்தது.

ரிப்போர்ட் ஏற்கெனவே பைண்டிங்குக்குப் போயிருந்தது. அப்படியே சமர்ப்பித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். 98 சொச்சம் அப்படியே இருந்தது. சார்ஜர் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு வருத்தம் அந்தப் பையன்கள் மேல் இல்லை. மார்ச் மாதத்தில் "சார், தப்பாயிடுச்சு" என்று போய் நிற்க எந்த மாணவனுக்கும் வழி வைக்காதவர்கள் மேல்.

சார்ஜராவது பிடுங்கினால் தெரிந்துவிடுகிறது. தெரியாமலே கூட வருகிறவை இருக்கின்றன.

ஒரு ஜனவரி காலை. ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார், ஐம்பதை நெருங்கும் வயது. காபித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கிறார். மேலே ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், பனிக்காலத்தில் கேட்கவே வேண்டாம். "ராத்திரியில கை மரத்துப் போகுது கண்ணு. எந்திரிச்சு உதறினாத்தான் உசுரு வருது" என்றார். பரிசோதனை தொடங்கினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நடு நரம்பின் வேகம் செகண்டுக்கு 41 மீட்டர். 50க்கு மேல் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கத்து நரம்பு 42. அடுத்த கையிலும் அப்படியே. எல்லா நரம்பும் மந்தம். காகிதத்தில் பார்த்தால் உடம்பு முழுக்க நரம்புப் பாதிப்பு என்று எழுதிவிடலாம்.

அவர் கையைப் பிடித்துத் திருப்பியபோதுதான் உறைத்தது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தோசைமாவுப் பாத்திரம்போல ஜில்லென்று இருந்தது கை. தோல் வெப்பமானியை வைத்தேன், 27 டிகிரி. தோல் 32 டிகிரியாவது இருக்க வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் செகண்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும். பக்கெட்டில் வெந்நீர் வைத்து, இரண்டு கையையும் முழங்கை வரை முக்கி உட்காரவைத்தேன். "எங்க வூட்டுல கூட இப்படி யாரும் வெந்நி வெச்சுத் தந்ததில்ல" என்று சிரித்தார். இருபது நிமிஷம் கழித்து 33 டிகிரி. நடு நரம்பு 52. சுண்டுவிரல் நரம்பு 54. உடம்பு முழுக்க இருந்த நோய் பக்கெட் தண்ணீரோடு போயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் போகவில்லை: மணிக்கட்டைத் தாண்டும் இடத்தில் நடு நரம்பு இன்னமும் தாமதித்தது. கார்பல் டனல். மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது, அவ்வளவுதான். முதலில் இரவு கட்டிக்கொள்ளும் பட்டை, தேறாவிட்டால் சின்ன அறுவை.

இந்தக் குளிருக்கு இன்னொரு குணமும் உண்டு. நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத மயஸ்தீனியா நோய்க்குப் பரிசோதிக்கும்போது செகண்டுக்கு மூன்று என்ற கணக்கில் நரம்பைத் தொடர்ந்து தூண்டுவோம். அலையின் உயரம் பத்து சதவீதத்துக்கு மேல் படிப்படியாக இறங்கினால் நோய் என்று சந்தேகிக்கிறோம். கை குளிர்ந்திருந்தால் அந்த இறக்கம் மறைந்துவிடும். தொங்கும் இமையில் ஐஸ் வைத்தால் இமை மேலேறுகிறதா என்று டாக்டர்கள் பார்ப்பது இதே காரணத்தால்தான். ஒரே குளிர் இல்லாத நோயை உண்டாக்கும், இருக்கிற நோயை ஒளித்துவைக்கும். நீங்கள் இறக்கிக்கொண்ட கோப்பில் கையின் சூடு என்று ஒரு பத்தி இருக்கிறதா?

எத்தனையாம் நாள் பதிவு செய்கிறோம் என்பதும் அப்படித்தான். நரம்பு அறுந்த மறுநாளே தசையில் அந்தத் தகரக் கூரைத் தூறல் கேட்காது. இரண்டு மூன்று வாரம் ஆகும். நாலாம் நாள் வந்தவரின் தசை அமைதியாக இருக்கும். இருபத்தைந்தாம் நாள் அதே ஆள், அதே தசை, ஸ்பீக்கர் கொட்டித் தீர்க்கும். கிய்யான் பாரே என்ற திடீர் நரம்பு நோய் வந்து கால் இழுத்துக்கொண்டு வருகிறவருக்கு முதல் வாரத்தில் பரிசோதனை கிட்டத்தட்ட ஒழுங்காகவே இருந்துவிடலாம். மெஷின் 'நார்மல்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் மூச்சுத் தசை வரை ஏறிவிடும் நோய் அது. அதைச் சந்தேகிக்க மாடலும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். முட்டியில் தட்டும் ரப்பர் சுத்தியல் இருக்கிறதே, அது போதும். தட்டினால் கால் உதைக்காது. டாக்டர்கள் அதை வைத்தே ஓடுகிறார்கள்.

இன்னொருவர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்காரர். முப்பது வருஷமாகச் சின்னக் குறடைப் பிடித்து வளையம் வளையமாகக் கோத்த கை. கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போயிருந்தது. வற்றிய சதையை மகன் போனில் தேடியிருக்கிறான், முதலில் வந்தது ஏஎல்எஸ். குடும்பமே அழுதுகொண்டு வந்தது. அவருக்கும் கார்பல் டனல்தான், முற்றியது. எங்களிடம் கை மரத்துப்போச்சு, கால் எரியுது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை, மணிக்கட்டு நெரிசல், முதுகுத்தண்டில் பிதுங்கிய டிஸ்க். ஏஎல்எஸ் அபூர்வம். நீங்கள் பழக்கிய தொகுப்பிலோ மூன்றில் ஒருவர் ஏஎல்எஸ். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் வருகிறார்கள், அதில் ஐந்து பேருக்குத்தான் ஏஎல்எஸ் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாடல் நோய் உள்ளவரிடமும் இல்லாதவரிடமும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். ஐவரையும் பிடித்துவிடும், சரி. மிச்சம் 995 பேரில் ஐம்பது பேருக்கும் ஏஎல்எஸ் என்று சொல்லும். அந்த ஐம்பது வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரியாது. 95 சதவீதம் என்று நீங்கள் ஸ்லைடில் தடித்த எழுத்தில் போடுவதற்கு எங்கள் வாசலில் அர்த்தம் இது.

குழந்தைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. டுஷேன் தசைச்சிதைவு சந்தேகம் என்றால் முதலில் ரத்தத்தில் சிகே என்ற தசை நொதியின் அளவு, பிறகு மரபணுப் பரிசோதனை. அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும், ஊசி தேவைப்படுவதில்லை. "பீடியாட்ரிக் டேட்டாவும் வேணும் அக்கா" என்று இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். உங்கள் கிளாஸ் பேலன்சுக்காக, அதாவது ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கை சமமாவதற்காக, ஒரு குழந்தையையும் குத்த மாட்டோம்.

பெரியவர்களிடமும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மருத்துவத்தில் ஏஐ பயன்படுத்துவதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2023இல் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதே வருஷம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆசிரியர்களே, இரண்டையும் நீங்களே படித்துவிட்டு மாணவர்களுக்குச் சொல்லுங்கள். "பேரை அழிச்சுட்டா போதும்கா" என்கிறான் ஒருவன். பெயரை அழித்துவிட்டு, இன்ன ஊர், இன்ன வயசு, இன்ன வேலை, இன்ன நோய் என்று எக்செல் ஷீட்டில் போட்டால், அந்த ஊரில் அந்த நோய் உள்ளவர் ஒரே ஒருவர்தான்.

சரி, குறையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. நோயின் பெயரைச் சொல்லும் மாடல் வேண்டாம். பதிவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் மாடல் செய்து தாருங்கள். 'எர்த் சரியில்லை.' 'கை குளிர்ந்திருக்கும்போலத் தெரிகிறது, சூடு பார்.' 'ஊசி தசையிலிருந்து தள்ளி இருக்கிறது, அலை மழுங்குகிறது.' 'இவர் முழுப் பலத்தோடு மடக்கவில்லை, வலிக்குப் பயப்படுகிறார்.' இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொள்ள ஆறேழு வருஷம் ஆனது. ஆத்தூரிலோ மேட்டூரிலோ புதிதாக வேலைக்குச் சேரும் ஒரு பெண்ணுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை. கருமந்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவரை "பதிவு சரியா வரலை, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்புவதைவிடக் கேவலமான வேலை எங்கள் தொழிலில் இல்லை. அதைக் குறைத்தால் உங்கள் மாடலுக்கு நானே மாலை போடுகிறேன்.

அதற்கு மேலும் போக விரும்பினால், மூன்றாவது ஒரு பதிலை அதற்குக் கற்றுக்கொடுங்கள்: 'தெரியவில்லை'. எங்கள் டாக்டர் வாரத்துக்கு நாலைந்து தடவையாவது அந்த வார்த்தையைச் சொல்கிறார். "ஆறு வாரம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்" என்று எழுதுகிறார். உங்கள் மாடல் மட்டும் எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியே தீருகிறது. அன்றைக்கு என் கையில் பேட்டை ஒட்டாமல் மேஜை மேல் போட்டு வைத்திருந்தாலும் மேஜைக்கும் நியூரோபதி என்றுதான் சொல்லியிருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பேட்ச் நாற்பது பேரைப் பதிவு செய்யட்டும். பாஸ் ஆகட்டும், போகட்டும். அடுத்த பேட்ச் அதே படிவத்தில், அதே முறையில் இன்னும் நாற்பது பேர். அக்யூரசியே இல்லாமல், பதிவு மட்டும் ஒழுங்காகச் செய்த புராஜெக்ட்டுக்கும் முழு மதிப்பெண் போடுங்கள். வருஷா வருஷம் புதிதாகத் தொடங்கி வருஷா வருஷம் தூக்கிப்போடுவதை நிறுத்தினால், அஞ்சு வருஷத்தில் இந்த மாவட்டத்துக்கென்று இருநூறு பேருடைய பதிவு இருக்கும். தறிக்காரர்களும் பட்டறைக்காரர்களும் காபி பறிக்கிறவர்களும் அதில் இருப்பார்கள். கோபன்ஹேகனில் அவர்கள் யாரும் இல்லை.

வர விரும்புகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள், காலையில் கூட்டம். உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் இல்லாமல் வர வேண்டாம். லேப்டாப்பை முழுசாக சார்ஜ் செய்து எடுத்து வாருங்கள், சார்ஜர் பையிலேயே இருக்கட்டும். தோல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், என்னுடையதைத் தர முடியாது. முதல் வாரம் ஒன்றும் பதிவு செய்ய வேண்டாம். ஸ்டூலைப் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். பக்கெட்டும் வெந்நீரும் இங்கே இருக்கின்றன.

இப்படிக்கு,
சேலத்தில் ஒரு ஈஎம்ஜி டெக்னீஷியன்